தொண்டை அடைப்பான் ஆறிய குழந்தை மூக்கால் பேசினால்

டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் வந்த குழந்தைக்கு ஆபத்தெல்லாம் முதல் இரண்டு வாரம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தொண்டையில் படர்ந்த சாம்பல் நிறச் சவ்வு உதிர்ந்து, காய்ச்சல் விட்டு, கழுத்து வீக்கம் வடிந்து, பிள்ளை இட்லி கேட்க ஆரம்பித்துவிட்டால் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு டிப்தீரியா வந்தவர்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு இது வருகிறது. கழுத்தே வீங்கிப்போகும் அளவுக்குக் கடுமையாக வந்தவர்களில் நாலில் மூன்று பேர் வரைக்கும் ஏதாவது ஒரு நரம்புக் கோளாறு வரலாம். லேசாக வந்து போனவர்களுக்கு அரிது.

இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பெற்றோர் சரியான நாளில் சரியான அறிகுறியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லாமல் அனுப்பினால், மூக்கு வழியாகத் தண்ணீர் வருவதைச் சளி என்றும், பிள்ளை படிக்க மறுப்பதைச் சோம்பல் என்றும், நடை தள்ளாடுவதை நோய்க் களைப்பு என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. சொல்லாமல் அனுப்பியவர்கள் தவறு அது.

கிருமி தொண்டையைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போவதில்லை. அது சுரக்கும் நச்சுதான் ரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. 1888-இல் பாரிஸில் எமில் ரூ, அலெக்சாந்தர் யெர்சின் இருவரும் கிருமியை வளர்த்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, கிருமியே இல்லாத அந்தத் திரவத்தை விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். உடனே சாகாமல் தப்பிய விலங்குகளுக்கு வாதம் வந்தது. வாதத்துக்குக் காரணம் நச்சு என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

இந்த நச்சு செல்லுக்குள் நுழைந்ததும் புரதத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. நரம்பைச் சுற்றி மயலின் உறையைக் கட்டிக் காப்பாற்றும் ஷ்வான் செல்கள்தான் இங்கே அடிவாங்குகின்றன. இருக்கிற உறை அன்றைக்கே கழன்று விழுவதில்லை. பராமரிப்பு நின்றுபோய் வாரக்கணக்கில் சிதைகிறது. தொண்டை ஆறிய பிறகு வாதம் வருவதற்கு இந்தத் தாமதம்தான் காரணம். உள்ளே இருக்கும் இழை பெரும்பாலும் தப்பிவிடுவதால் புது உறை கட்டப்பட்டதும் பலம் திரும்புகிறது. மூளைக்குள் நச்சு அவ்வளவாகப் போவதில்லை. அதனால் கைகால் அசையாமல் கிடக்கும் குழந்தைக்கும் நினைவு தெளிவாகவே இருக்கும். சுற்றி நின்று பேசுவதெல்லாம் அதற்குக் கேட்கும், புரியும்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிப்தீரியா வந்த குழந்தைக்கு வலிப்போ, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் விளங்காமல் போவதோ ஏற்பட்டால் அதை இந்த நரம்பு வாதத்தின் கணக்கில் சேர்க்கக்கூடாது. பாதிக்கப்பட்ட இதயத்துக்குள் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். மூச்சுக்குழாய் அடைத்தபோதோ இதயம் தடுமாறியபோதோ மூளைக்கு ஆக்ஸிஜன் போதாமல் போயிருக்கலாம். அந்த வழியில்தான் தேட வேண்டும்.

முதலில் போவது மென் அண்ணம், அதாவது உள்நாக்கு தொங்கும் அந்தப் பின்பகுதி. சவ்வு படர்ந்த இடத்தின் நரம்புகளே முதலில் கெடுகின்றன. தோலில் டிப்தீரியாப் புண் வந்தவர்களுக்கு வாதம் புண்ணுக்கு அருகிலேயே தொடங்கியதை முதல் உலகப் போர்க் காலத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அண்ண வாதம் சிலருக்கு நோய் உச்சத்தில் இருக்கும்போதே வந்துவிடும். பெரும்பாலும் தொண்டை வலி தொடங்கியதிலிருந்து 2 அல்லது 3 வாரத்தில் தெரியும்.

பேசும்போதும் விழுங்கும்போதும் மென் அண்ணம் மேலே எழும்பி மூக்குப் பாதையை மூட வேண்டும். மூடாவிட்டால் காற்றும் தண்ணீரும் மூக்கு வழியாகப் போகும். தமிழில் இதைச் சோதிப்பது மிகச் சுலபம். ப, ட, க மூன்றுக்கும் மூக்கு மூடியிருக்க வேண்டும். ம, ண, ங மூன்றுக்கும் திறந்திருக்க வேண்டும். குழந்தையைப் "பாப்பா", "பாட்டி", "காக்கா" என்று சொல்லச் சொல்லுங்கள். அண்ணம் செயலிழந்திருந்தால் பாப்பா என்பது மாம்மா போலக் கேட்கும், காக்கா என்பது ஙாங்ஙா போல இழுக்கும். அப்படிக் கேட்டால் மூக்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிந்துவிட்டால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். பேச்சு வராத சின்னக் குழந்தையென்றால் பால் குடித்ததும் மூக்கில் வருகிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்து "ஆ" சொல்ல வைத்தால் அண்ணம் தூக்காமல் தொங்கியே நிற்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் தூக்கும். தொண்டையைத் தொட்டால் வர வேண்டிய ஓங்கரிப்பு வராது.

சளிப் பிடித்தவனும் மூக்கால் பேசுவான் என்பார்கள். இரண்டும் நேர் எதிர். சளியில் மூக்கு அடைத்திருப்பதால் அம்மா என்பது அப்பா போலக் கேட்கும். அண்ண வாதத்தில் மூக்கு திறந்தே கிடப்பதால் அப்பா என்பது அம்மா போலக் கேட்கும். கிராம சுகாதார செவிலியரோ பெற்றோரோ இதற்கு எந்தக் கருவியும் இல்லாமல் பதில் கண்டுபிடிக்கலாம்.

இந்தக் கட்டத்தில் குழந்தையைக் கொல்லக்கூடியது புரையேறுதல். அண்ணத்தோடு தொண்டையின் உணர்ச்சியும் மரத்துப்போவதால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் சில குழந்தைகளுக்கு இருமலே வராது. ஆகவே "புரையேறவில்லையே" என்று நிம்மதி அடைய முடியாது. விழுங்கியதும் குரல் களகளவென்று ஈரமாக மாறுகிறதா, சாப்பிட்ட பிறகு மூச்சு வேகமாகிறதா, எச்சில் வழிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். 1 முதல் 5 வயதுக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல், கூடவே காய்ச்சல் என்றால் நுரையீரலில் சாப்பாடு இறங்கியிருக்கிறது என்றே எண்ணி உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தண்ணீர்தான். அதற்கடுத்து பால், காப்பி, ரசம். நோயாளிப் பிள்ளைக்கு ரசம் சாதம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். இந்தக் குழந்தைக்கு அது கூடாது. சோறு வாயில் இருக்கும்போதே ரசம் தனியாக முன்னால் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். கெட்டியும் நீர்த்ததும் கலந்த எதுவும் அப்படித்தான். கரண்டியைக் கவிழ்த்தால் சொட்டாக விழாமல் திரண்டு விழும் பதத்தில் கேழ்வரகுக் கூழ், தயிர் விட்டுக் குழைத்த சோறு, மசித்த வாழைப்பழம், நன்றாகக் கடைந்த பருப்புச் சாதம் ஆகியவை பொருந்தும். குழந்தையை நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே குனிந்திருக்க, அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கி முடித்து வாய் காலியானதைப் பார்த்த பிறகே அடுத்தது. அண்ணாந்து ஊற்றுவது கூடவே கூடாது. சாப்பிட்ட பின் குறைந்தது அரை மணி நேரம் சாய்க்கக்கூடாது.

இதிலும் தடுமாறினால் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் ரைல்ஸ் டியூப்தான் வழி. பெற்றோர் குழாயைக் கண்டு கலங்குவது இயல்பு. அது தோல்வியின் அடையாளம் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அண்ணம் தேறும் வரை, சில வாரங்கள், நுரையீரலைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறை ஊட்டுவதற்கு முன்னும் உறுதி செய்ய வேண்டும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மைக் குறியீடு (pH) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சரி. காற்றடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதை மட்டும் நம்பக்கூடாது. நுரையீரலில் இருக்கும் குழாயிலும் அந்தச் சத்தம் கேட்டு ஏமாற்றும்.

அடுத்து கண். 5-வது வாரத்தை ஒட்டி, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்வில்லையை மாற்றியமைக்கும் தசை தளர்ந்துவிடும். பிள்ளைக்குத் தெரு முனையில் வரும் பஸ் தெரியும், பாடப்புத்தகத்து எழுத்து கலங்கும். புத்தகத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடிப்பான், இல்லை மூடி வைத்துவிடுவான். வெளிச்சம் அடித்தால் கண்மணி சாதாரணமாகச் சுருங்குவதால் அவசரத்தில் பார்ப்பவர்கள் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தூரப் பார்வைப் பலகையை மட்டும் படிக்க வைத்தாலும் கோளாறு பிடிபடாது. சிறிய எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் என்பதால் நிரந்தரக் கண்ணாடிக்கு ஓட வேண்டியதில்லை. மாறுகண், இரட்டையாகத் தெரிதல், முகம் ஒரு பக்கம் இழுத்தல் ஆகியவையும் இந்த நாட்களில் வரலாம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். இந்த வாதம் இரண்டு அலையாக வருகிறது. 5, 6 வாரத்தில் அண்ணம் தேறத் தொடங்கும். குரல் தெளியும், மூக்கில் தண்ணீர் வருவது நிற்கும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் கால் தளர ஆரம்பிக்கும். மேலே தேறிக்கொண்டிருக்கும்போதே கீழே மோசமாவது இந்த நோயின் குணம். குரல் திரும்பியதும் கண்காணிப்பை நிறுத்திவிடுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து.

கைகால் பலவீனம் 10 நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். தரையில் உட்கார்ந்த பிள்ளை கையை ஊன்றாமல் எழ முடியாது, படி ஏற முடியாது, செருப்பு நழுவுவது தெரியாது, கண்ணை மூடினால் தள்ளாடும். முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் துள்ளாது. சில குழந்தைகளிடம் இந்தத் துள்ளல் மறைவது மட்டுமே அறிகுறியாக இருக்கும். ஆகவே பலம் நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

இதே நாட்களில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் கெடலாம். மூச்சு விடும் வேலையில் பெரும்பகுதி அந்தத் தசையுடையது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இங்கே நம்பவே கூடாது. அது 98 காட்டிக்கொண்டிருக்கும்போதே தசை களைத்துக் கரியமிலவாயு தேங்கிக்கொண்டிருக்கும். ஆக்ஸிஜன் அளவு இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். அதைவிட நம்பத் தகுந்த சோதனை, எண்ணச் சொல்வது. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எவ்வளவு தூரம் போகிறான் என்று தினமும் ஒரே நேரத்தில், உட்கார வைத்து, குறித்து வையுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட அது இறங்குகிறதா என்பதே முக்கியம். நேற்று 15 வரை போனவன் இன்று 9-இல் நின்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

எண்ணத் தெரியாத குழந்தையிடம் அழுகையைக் கவனியுங்கள். சத்தம் சன்னமாகி, துண்டு துண்டாகும். சட்டையைக் கழற்றி வயிற்றைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும், உதரவிதானம் செயலிழந்தால் உள்ளே குழியும். படுத்தால் திணறி உட்கார்ந்தால் தேறுவதும், இருமல் வலுவிழப்பதும் கூடவே வரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியாமல் போவது இன்னொரு நல்ல குறி. கழுத்தை மடக்கும் தசையும் உதரவிதானமும் பெரும்பாலும் சேர்ந்தே தளரும். மூச்சுக் கொள்ளளவை அளக்க வசதி இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லி லிட்டருக்குக் கீழே இறங்கினாலே வெண்டிலேட்டர் உள்ள இடத்தில் குழந்தை இருந்தாக வேண்டும். வெண்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் குழாய் போடும்போது, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைத் தவிர்க்க வேண்டும். நரம்பு கெட்ட தசையிலிருந்து பொட்டாசியம் கொட்டி இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

இதயம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நச்சினால் வரும் இதயத்தசை அழற்சி பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வந்தாலும், தாமதித்து 6-வது வாரம் வரையிலும் வரக்கூடும். தானியங்கு நரம்புகளும் கெடுவதால் நாடித்துடிப்பு காரணமில்லாமல் ஓடும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். வாதம் வந்த குழந்தையைத் தசை பலம் வரட்டும் என்று அவசரப்பட்டு நடக்க வைக்கக்கூடாது. ஈசிஜி பார்த்த பிறகே பிசியோதெரபியில் உழைப்பு தரும் பயிற்சி. அதுவரை மூட்டுகள் இறுகாமல் கையால் மடக்கி நீட்டிவிடுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும் போதும்.

நரம்பு வாதத்தோடு வரும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் முதலில் நினைப்பது, உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே நோயைத்தான். முதுகுத் தண்டு நீரில் புரதம் கூடி, செல்கள் கூடாமல் இருப்பது இரண்டிலும் உண்டு. ஆகவே அந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. "ஒன்றிரண்டு மாதம் முன்னால் தொண்டை வலி வந்ததா, கழுத்து வீங்கியதா, என்ன தடுப்பூசி போட்டீர்கள்?" என்ற கேள்விதான் பிரிக்கும். கில்லன்-பாரே பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறி நாலு வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். இது தொண்டையில் தொடங்கி, கண்ணுக்குப் போய், பிறகு காலுக்கு இறங்கும், வாரக்கணக்கில் இழுக்கும். கட்டுவிரியன் கடியில் இமை விழுந்து விழுங்க முடியாமல் போவது சில மணி நேரத்தில் நடந்துவிடும். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது: பிள்ளை தேறி நடக்க ஆரம்பிக்கும்போதுதான் அந்த அறிக்கை மிக மோசமாக வரும். அறிக்கையைப் பார்த்துப் பயப்படாமல் பிள்ளையைப் பாருங்கள்.

காரணம் டிப்தீரியா என்று தெரிந்தாலும், 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீர்த் தளர்வாதம் வந்தாலும் போலியோ கண்காணிப்பில் தெரிவித்தாக வேண்டும். வாதம் தொடங்கி 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்க வேண்டும்.

வாதம் வந்த பிறகு அதை மாற்றும் மருந்து கிடையாது. ஸ்டீராய்டு பயன் தராது. ஆன்டிடாக்சின் என்கிற நச்சுமுறி மருந்து ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும். செல்லுக்குள் போன நச்சை எடுக்க அதனால் முடியாது. ஆகவே நரம்பைக் காப்பாற்றும் சிகிச்சை என்பது, வாதத்துக்குச் சில வாரங்கள் முன்னால், தொண்டையில் சவ்வைப் பார்த்த அன்றே ஆன்டிடாக்சின் கொடுப்பதுதான். முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் மிகுதி, அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்கக்கூடாது. இரண்டு நாளுக்குள் வந்த தொண்டை நோய்க்கு 20,000 முதல் 40,000 யூனிட், மூக்கும் தொண்டையும் சேர்ந்தால் 40,000 முதல் 60,000, மூன்று நாள் கடந்தோ கழுத்து வீங்கியோ இருந்தால் 80,000 முதல் 1,00,000 வரை. குழந்தை என்பதற்காக அளவைக் குறைக்கக்கூடாது. முறிக்க வேண்டிய நச்சின் அளவுதான் கணக்கு, உடல் எடை இல்லை. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்பதால் ஒவ்வாமைக்கு முன்சோதனை செய்து, அட்ரினலினைக் கையோடு தயாராக வைத்துக்கொண்டு, சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். பென்சிலினோ எரித்ரோமைசினோ 14 நாள் கொடுப்பது கிருமியை அழிக்க. அது ஆன்டிடாக்சினுக்கு மாற்றாகாது.

இந்த மருந்து எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை என்பது வேதனையான உண்மை. 2017 நவம்பரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா முகாம்களில் டிப்தீரியா பரவியபோதும், 2018 செப்டம்பரில் டெல்லியில் குழந்தைகள் இறந்தபோதும் ஆன்டிடாக்சின் தட்டுப்பாடு கண்ணெதிரே நின்றது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எத்தனை குப்பி ஆன்டிடாக்சின் இருக்கிறது, காலாவதி எப்போது என்பது நோய் வரும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய தகவல்.

டிஸ்சார்ஜ் அட்டையில் தொண்டை வலி தொடங்கிய தேதியைப் பெரிதாக எழுதுங்கள். வாரக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து இல்லை. அதிலிருந்து 12 வாரம் வரை வாரம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். "பாப்பா" சொல்ல வைத்தல், ஒரு வாய்த் தண்ணீரைக் கவனித்தல், கிட்டத்தில் ஒரு வரி படிக்க வைத்தல், ஒரே மூச்சில் எண்ண வைத்தல், தலையைத் தூக்கச் சொல்லுதல், தரையிலிருந்து எழச் சொல்லுதல், முழங்காலில் தட்டுதல், நாடி பார்த்தல். துணை சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிட வேலை. தாண்டிவந்த குழந்தைகள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். பலம் வர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். முழங்கால் துள்ளல் அதற்கும் பிறகே திரும்பும்.

டிப்தீரியா ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று எண்ண வேண்டாம். நோய் தரும் எதிர்ப்பு சக்தி போதாது என்பதால் தேறிவரும் குழந்தைக்கும் விட்டுப்போன ஊசிகளைப் போட வேண்டும். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (டிப்தீரியா உட்பட ஐந்து நோய்க்கான ஊசி), 16 முதல் 24 மாதத்தில் முதல் டிபிடி பூஸ்டர், 5 முதல் 6 வயதில் இரண்டாவது, 10 மற்றும் 16 வயதில் டிடி (Td, டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி). பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் 5 வயது ஊசியைத்தான். வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொண்டை மாதிரி எடுத்து, 7 முதல் 10 நாள் எரித்ரோமைசின், அல்லது ஒரே ஊசியாக பென்சாத்தின் பென்சிலின் கொடுக்க வேண்டும்: 6 வயதுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். மாதிரி முடிவு வரும் வரை இதைத் தள்ளிப்போடக்கூடாது.